மணல் இல்லாத நெத்திலி

கட்ச், குஜராத்
2-3-2025

அன்புள்ள அக்கா தமிழரசிக்கு,

நான் நலம். உன் உடம்பு எப்படி? மச்சானுக்கு முதுகுவலி விட்டதா? அவரைப் படகில் கனம் தூக்க வேண்டாம் என்று சொல். கேட்க மாட்டார், இருந்தாலும் சொல்.

போனில் பேச ஆரம்பித்தால் நாலாவது நிமிஷம் சண்டையாகிறது, இனிமேல் எதுவானாலும் தாளில் எழுதித் தபாலில் போடு, அப்போதாவது யோசித்துப் பேசுவாய் என்று சொல்லி நீ போனை வைத்துவிட்டாய். சரி, எழுதுகிறேன். யோசித்தெல்லாம் எழுத வராது.

போனில் சொன்னதையே திரும்பச் சொல்கிறேன். அப்போது நீ பக்கத்தில் யாரிடமோ வஞ்சிரத்துக்கு விலை பேசிக்கொண்டிருந்தாய். கிளிஞ்சல்மேட்டில் உங்கள் மீன்காரப் பெண்கள் சங்கத்து ஐஸ் ரூம் மாடியில் இருக்கிற சோலார் பேனல்கள் உங்களுடையவை அல்ல. புதுச்சேரி அறக்கட்டளை ஒரு வருஷத்துக்குக் கொடுத்திருக்கிறது. இவ்வளவு மின்சாரம் வரும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தவன் நான். வருஷக் கடைசியில் அந்த அளவு வந்திருந்தால் பேனல் உங்களோடு இருக்கும். வரவில்லையென்றால் கழற்றிக் கோட்டுச்சேரிமேட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அந்த ஊர்க்காரர்கள் இப்போதே மாடியைப் பெருக்கி வைத்திருக்கிறார்களாம்.

இங்கே என் போனில் ஒரு ஆப் இருக்கிறது. உங்கள் மாடியில் நிமிஷத்துக்கு நிமிஷம் எவ்வளவு மின்சாரம் வருகிறது என்று கோடு போட்டுக் காட்டும். ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதமும் கோடு கோயில் கோபுரம் மாதிரி இருக்கிறது. காலையில் ஏறி, உச்சியில் நின்று, சாயங்காலம் இறங்குகிறது. அழகு.

இங்கே நான் இருக்கிற இடத்தை எப்படிச் சொல்வது? உப்புப் பாலைவனம். புல் கிடையாது. அதில் கண்ணுக்கு எட்டுகிற வரைக்கும் பேனல். குரும்பகரத்தில் நாற்று நட்ட வயலைப் பார்ப்பாய் அல்லவா, அந்த வரிசை, அந்த ஒழுங்கு, ஆனால் நடுவில் வரப்பு இல்லை, முடிவும் இல்லை. ஜீப்பில் அரை மணி நேரம் போனாலும் அதே வயல்தான். முதல் நாள் பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. எனக்கே வரவில்லை என்றால் பார்த்துக்கொள்.

ஒரே குறை. போன தடவை நீ அனுப்பிய நெத்திலிக் கருவாட்டில் மணல். கடிக்க முடியவில்லை, பல் கூசுகிறது. அடுத்த தடவை பார்த்து அனுப்பு.

தம்பி,
அருள்மணி


கிளிஞ்சல்மேடு
15-3-2025

அன்புத் தம்பி அருளுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். மச்சானுக்கு வலி தேவலை. நீ நேரத்துக்குச் சாப்பிடு. வெயிலில் தொப்பி போட்டுக்கொள்.

ஐஸ் ரூம் நன்றாக ஓடுகிறது. விற்காமல் மிஞ்சிய மீனை முன்பெல்லாம் சாயங்காலம் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வருவோம். இப்போது உள்ளே வைத்துவிட்டுக் காலையில் எடுத்துப் போகிறோம். டீசல் இன்ஜின் மூலையில் கிடக்கிறது. நேற்று அமிர்தம் சித்தி அதைப் பார்த்து, “என்னாடி தமிழு, ஊமையாயிட்டுதா இது? சத்தமில்லாம எனக்குத் தூக்கமே வர மாட்டேங்குது” என்றது.

பேனல் வைக்க இடம் கேட்டு ஊர்ப் பஞ்சாயத்தில் நான் நின்றபோது சிரித்த ஆட்கள் இருக்கிறார்களே, அவர்கள் இப்போது போன் சார்ஜ் போட வருகிறார்கள். “செருப்பைக் கழட்டிட்டு வாங்க மாமா” என்று சொல்லித்தான் உள்ளே விடுகிறேன். அந்த ஒரு சந்தோஷம் போதும் எனக்கு.

மணல் பற்றி எழுதியிருந்தாய். பார்க்கிறேன்.

பார்சல் தனியாக வரும்.

அக்கா,
தமிழரசி


கட்ச்
6-4-2025

அன்புள்ள அக்கா,

நலம். அங்கேயும் அப்படியே என்று வைத்துக்கொள்கிறேன்.

பார்சல் வந்தது. அக்கா, இப்படி ஒரு நெத்திலியை நான் பார்த்ததில்லை. ஒரு மணல் இல்லை, ஒரு தூசி இல்லை, வெள்ளிக் கம்பி மாதிரி மொறமொறவென்று இருக்கிறது. இங்கே கேன்டீனில் சைவம்தான். நானும் ஒடிசாக்காரன் ஒருத்தனும் கன்டெய்னருக்குப் பின்னால் ஒளிந்து அடுப்பு மூட்டி வறுத்தோம். வாசனை காட்டிக்கொடுத்துவிட்டது. சமையல்காரர் இரண்டு நாள் எங்களுக்கு ரொட்டி போடவில்லை. பரவாயில்லை. எப்படிச் செய்தாய் இதை?

இப்போது காரியத்துக்கு வருகிறேன். மார்ச் நடுவிலிருந்து கோடு கெட்டுப்போய்விட்டது. காலையில் ஒழுங்காக ஏறுகிறது. பத்தரைக்குக் குப்புற விழுகிறது. மூன்று மணிக்கு மேல்தான் எழுந்து உட்காருகிறது. கோபுரத்தின் கலசத்தை யாரோ வெட்டி எடுத்த மாதிரி நடுவில் ஒரு பள்ளம். சூரியன் மத்தியானத்தில் தூங்கப் போகுமா?

ஒன்று புரிந்துகொள். பேனல்களை வரிசையாக ஒன்றோடொன்று கோத்திருக்கிறோம். பத்துப் பேர் தோள் கொடுத்துப் படகைக் கரையேற்றும்போது இரண்டு பேர் தோளை எடுத்துவிட்டால் படகு என்ன ஆகும்? அதேதான். ஒரு பேனலில் நிழல் விழுந்தாலும் வரிசையே தள்ளாடும். காக்காய் எச்சமா, உப்புப் படிவா, தென்னை ஓலை எதுவும் சாய்ந்து கிடக்கிறதா? மேலே ஏறிப் பார். தினமும் காலையில் நல்ல தண்ணீரில் கழுவு. கோட்டுச்சேரியில் எலக்ட்ரீஷியன் ஆரோக்கியஜோசப் அண்ணனிடமும் சொல்லியிருக்கிறேன், அவர் வந்து பார்ப்பார்.

சீக்கிரம் பதில் போடு. இது விளையாட்டு இல்லை.

அருள்மணி


கிளிஞ்சல்மேடு
20-4-2025

அன்புத் தம்பிக்கு,

அக்காவும் மச்சானும் சுகம். உனக்குச் சளி பிடித்திருக்கிறதோ என்று மச்சான் கேட்டார். கையெழுத்து அப்படி இருக்கிறதாம்.

பேனலைத் தினமும் கழுவுகிறோம். நீ சொல்வதற்கு முன்பிருந்தே கழுவுகிறோம். சோறு போட்டுச் சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம். காக்காய் எச்சம் கிடையாது. தென்னை ஓலையும் கிடையாது.

ஜோசப் அண்ணன் வந்தார். மேலே ஏறி ரொம்ப நேரம் நின்றார். இறங்கி வந்து, “ஒயரு, பெட்டி எல்லாம் சரியாத்தான் இருக்குது. அருளுக்கு நான் என்னாத்த சொல்றது?” என்று கேட்டார். கோளாறு ஒன்றும் இல்லை என்று சொல்லச் சொன்னேன். அவர் வீட்டு அம்மாவுக்குக் கொஞ்சம் கருவாடு கொடுத்தனுப்பினேன்.

போன செவ்வாய்க்கிழமையிலிருந்து மீன்பிடித் தடை. விசைப்படகு எல்லாம் கரையில் கிடக்கிறது. மச்சான் வலை பின்னுகிறார். ஐஸ் ரூமில் பாதி காலி. அமிர்தம் சித்தி வீட்டு மோர்ப் பானையைக் கொண்டுவந்து உள்ளே வைத்திருக்கிறது. இந்த ஊருக்கே இப்போது குளிர்ந்த மோர்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


கட்ச்
18-5-2025

அன்புள்ள அக்கா,

நலம். வெயில் நாற்பத்து நாலைத் தாண்டிவிட்டது. தொப்பி போடுகிறேன், திட்டாதே.

கோடு சரியாகிவிட்டது! நானும் தினமும் பார்க்கிறேன், மறுபடி கோபுரம், கலசத்தோடு. ஏப்ரல் நடுவிலிருந்து ஒரு பள்ளம் கூட இல்லை. ஜோசப் அண்ணனைக் கேட்டால், “நான் ஒண்ணும் தொடலையே” என்கிறார். நீ ஏதோ செய்திருக்கிறாய். என்ன செய்தாயோ அதையே தொடர்ந்து செய்.

சந்தோஷத்தில் எழுதுகிறேன், அதனால் கொஞ்சம் நீளும். நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது பேனல் என்றால் விண்கலத்துக்கும் பணக்காரன் வீட்டுக்கும் என்று நினைத்திருந்தேன். இந்தப் பத்துப் பதினைந்து வருஷத்தில் அதன் விலை பத்தில் ஒரு பங்காகிவிட்டது. பாகிஸ்தானில் கரண்ட் பில் தாங்காமல் ஜனங்களே பேனலை வாங்கி மாடி மாடியாக ஏற்றிக்கொண்டார்கள். நிலக்கரியால் பெரிய ஆளான இங்கிலாந்து, போன வருஷம் தன் கடைசி நிலக்கரி மின்நிலையத்தை மூடிவிட்டது. ஆஸ்திரேலியாவில், அமெரிக்காவில் பகல் வெயிலைப் பேட்டரியில் பிடித்து வைத்துச் சாயங்காலம் விளக்குப் போடுகிறார்கள், நீங்கள் காலை மீனை வைத்து மறுநாள் விற்பது மாதிரி. நம் கரையிலிருந்து பார்த்தால் நிலக்கரிக் கப்பல் தெரியுமே, அது ஒரே நாளில் நின்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மனிதன் ஒரு காரியத்தை இவ்வளவு வேகமாகச் செய்து நான் கேள்விப்பட்டதில்லை. அதில் நம் ஊர் ஐஸ் ரூம் மாடியும் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியை வைத்தது நீ. இதைப் போனில் சொல்லியிருக்க மாட்டேன்.

கருவாடு தீர்ந்துவிட்டது. இன்னும் வரவில்லையே?

அருள்மணி


கிளிஞ்சல்மேடு
5-7-2025

அன்புத் தம்பிக்கு,

சுகம். பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. தடை முடிந்து போன மாதம் நடுவில் படகெல்லாம் இறங்கியதிலிருந்து நிற்க நேரமில்லை. நெத்திலி நன்றாகப் படுகிறது. பார்சல் போட்டுவிட்டேன். இந்தத் தடவை கொஞ்சம் கூடுதலாகவே வைத்திருக்கிறேன், ஒடிசாத் தம்பிக்கும் கொடு.

நம் மேலத் தெரு சுந்தரமூர்த்தி மாமா தவறிவிட்டார். ஜூலை ஒன்றாம் தேதி எடுத்தார்கள். ஊரில் சாவு என்றால் படகு இறங்காது, உனக்குத் தெரியும். கடற்கரை வெறிச்சென்று கிடந்தது. நீ சின்னப்பிள்ளையில் அவர் தோளில் உட்கார்ந்துதான் மாங்கனித் திருவிழா பார்ப்பாய். இந்த வருஷத் திருவிழாவும் வருகிறது. உன் பேருக்கும் மாம்பழம் இறைக்கிறேன்.

என்ன செய்தேன் என்று கேட்டிருந்தாய். நான் ஒன்றும் செய்யவில்லை.

அக்கா


கட்ச்
28-7-2025

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் இல்லை.

ஜூன் நடுவில் கோடு மறுபடி விழுந்தது. முன்னைவிட ஆழமாக விழுந்தது. இன்வெர்ட்டர் கம்பெனிக்கு இரண்டு தடவை போன் போட்டுச் சத்தம் போட்டேன். பாவம் அவர்கள். பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு நாளாகப் பார்த்தேன். ஒரு நாள் கோடு முழுசாக இருந்தது, ஜூலை ஒன்று. மறுநாள் பள்ளம். அதற்குப் பிறகு முழுசாக இருந்தது போன வியாழக்கிழமை. ஆடி அமாவாசை.

ஆடி அமாவாசைக்கு நம் ஊரில் படகு இறங்காது. சாவுக்கு இறங்காது. தடைக்காலத்தில் இறங்காது. படகு இறங்காத நாளெல்லாம் கரண்ட் முழுசாக வருகிறது. இன்வெர்ட்டருக்கு அமாவாசை எப்படித் தெரியும்?

அப்போது ஒரு கையில் போன், இன்னொரு கையில் உன் நெத்திலி. மணல் இல்லாத நெத்திலி.

பேனல் மேல் கருவாடு காய வைக்கிறீர்கள். அதுதானே? பத்தரைக்கு விரித்து மூன்று மணிக்கு அள்ளுகிறீர்கள். நம் ஊருக்குப் பத்து டிகிரி சாய்வு போதும் என்று கணக்குப் போட்டு வைத்ததே நான்தான். வழுக்காமல் நிற்க வசதியாகத்தான் இருந்திருக்கும். நீயும் ஜோசப் அண்ணனும் சேர்ந்து என்னை நாலு மாதம் முட்டாளாக்கியிருக்கிறீர்கள். உலகமே அந்தக் கண்ணாடியைப் பார்த்து வாய் பிளக்கிறது, நீங்கள் அதைப் பாயாக்கிவிட்டீர்கள்.

நிறுத்து. இன்றைக்கே நிறுத்து.

அருள்மணி


கட்ச்
30-8-2025

அன்புள்ள அக்கா,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. மச்சானுக்குப் போன் போட்டால், “அவ கடுதாசி போடுவா” என்று மட்டும் சொல்கிறார். உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

போன கடிதம் கொஞ்சம் காரம். ஆனால் அதில் எழுதியது எதுவும் பொய் இல்லை.

கோடு ஆகஸ்ட் நாலாம் தேதியிலிருந்து முழுசாக இருக்கிறது. நிறுத்திவிட்டாய் என்று தெரிகிறது. ஆனால் மார்ச்சிலும் ஜூலையிலும் போனது போனதுதான். வருஷ மொத்தம் குறையும். அறக்கட்டளையிலிருந்து அஃப்ரா என்று ஒரு இன்ஜினியர் எழுதியிருக்கிறார். மத்தியானத்தில் ஏன் விழுந்தது என்று நான் எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும். ஜனவரியில் நேரில் வந்து பார்த்து, பேனல் இருக்கிறதா போகிறதா என்று முடிவு சொல்வாராம்.

ஏன் மேலே போட்டாய்? அதையாவது எழுது.

அருள்மணி


கிளிஞ்சல்மேடு
15-9-2025

அன்புத் தம்பி அருளுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுக்குத்தான். இப்போது தேவலை.

ஏன் என்று கேட்டாய். அலை அரிக்காமல் இருக்கக் கடற்கரையில் கல் கொட்டிய பிறகு காயப்போட இடம் குறைந்துவிட்டது. மிச்சம் இருக்கிற மணலில் நாய் ஓடுகிறது. மாடியில் பேனல் சுத்தமாக, சூடாக இருந்தது. பழைய வலையை விரித்து அதன்மேல்தான் போட்டேன், கண்ணாடியில் ஒரு கீறல் விழுந்திருக்காது. முதலில் ஒரு கூடைதான், உனக்கு அனுப்ப. அதைப் பார்த்து அமிர்தம் சித்தி, “எனக்கும் ஒரு ஓரம் விடுடி” என்று கேட்டது. பிறகு எல்லோரும். அந்தக் கருவாட்டுக்குக் காரைக்கால் சந்தையில் தனிப் பேர் வந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் இவ்வளவு குறையும் என்று எனக்குத் தெரியாது. ஏப்ரலில் உன் கடிதம் வந்த பிறகு தெரியும். தெரிந்தும் விட்டேன். அது என் தப்பு.

மணலைப் பற்றி நீ எழுதியிருந்தாய். சுனாமி அன்றைக்கு அம்மாவைத் தேடப் போய், உன்னைத்தான் கண்டெடுத்தேன். உன் வாய் நிறைய மணல். விரலை விட்டு விட்டு எடுத்தேன். உனக்கு ஆறு வயசு, ஞாபகம் இருக்காது. நானும் சொன்னதில்லை. நீ தமாஷாகத்தான் எழுதியிருப்பாய். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அதை விடு. நீ ஒரு உதவி செய். அந்த இன்ஜினியர் பெண்ணுக்குக் கடல் உப்பு படிந்துவிட்டது என்று எழுதிவிடு. யாரும் கேட்கப் போவதில்லை. பேனல் போய்விட்டால் சங்கத்துப் பெண்கள் முகத்தில் நான் எப்படி முழிப்பேன்? பஞ்சாயத்தில் சிரித்தவர்கள் மறுபடி சிரிப்பார்கள். கோட்டுச்சேரிமேட்டுக்காரர்கள் வண்டியோடு வந்து நிற்பார்கள்.

அக்கா,
தமிழரசி


கட்ச்
12-10-2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ நலமாக இருக்க வேண்டும்.

உன் கடிதத்தில் அந்த நடு வரிகளுக்குப் பதில் எழுத எனக்குத் தெரியவில்லை. நிறையத் தாளைக் கிழித்துவிட்டேன். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

உப்பு என்று எழுத மாட்டேன். அஃப்ராவுக்கு உண்மையை எழுதி அனுப்பிவிட்டேன். நீ திட்டுவாய், திட்டு. பொய்க் காரணம் எழுதினால் நாளைக்கு எந்தக் கடற்கரை ஊருக்கும் பேனல் தர மாட்டார்கள், உப்புக் காற்றுக்கு இது லாயக்கில்லை என்று சொல்லிவிடுவார்கள். லாயக்கு இருக்கிறது. ஒன்பது மாதமாகக் கடற்கரையில் நின்று ஒரு பேனலும் பழுதாகவில்லை. அதை நீங்கள் தினமும் கழுவிய கழுவலுக்கு இங்கே எங்கள் இயந்திரம் கூடக் கழுவாது.

இப்போது படத்தைப் பார். தனித்தாளில் வரைந்திருக்கிறேன். பேனலின் அடிப்பக்கமும் கொதிக்கும். அந்தச் சூடு யாருக்கும் உதவாமல் காற்றில் போகிறது. சூடு ஏற ஏறப் பேனல் சோம்பேறியாகும், கரண்ட் குறையும். அதனால் பேனலுக்குக் கீழே, இடுப்பளவு உயரம் இருக்கிறதே, அங்கே வலைத் தட்டு கட்டுங்கள். பக்கவாட்டில் பிளாஸ்டிக் ஷீட். கடல் பக்கம் கீழே திறப்பு, மறுபக்கம் மேலே இரண்டு சின்ன விசிறி. காற்று உள்ளே நுழைந்து, பேனலின் சூட்டை வாங்கி, நெத்திலி மேல் போய், வெளியே வரும். மீன் காயும், பேனல் குளிரும். நாய் வராது, மழை வந்தாலும் நனையாது. மணலும் வராது.

ஜோசப் அண்ணனை ஒயர்களைக் குழாய்க்குள் விடச் சொல்லியிருக்கிறேன், ஈரம் படக்கூடாது. இலவசமாகச் செய்வார். நாலு மாதம் கருவாடு தின்றிருக்கிறார்.

இன்னொன்று. இந்த வாரம் ஒரு செய்தி வந்தது. இந்த வருஷம் முதல் ஆறு மாதத்தில் உலகம் முழுக்க வெயில், காற்று, தண்ணீர் போன்றவற்றில் எடுத்த மின்சாரம் நிலக்கரியில் எடுத்ததை முந்திவிட்டது. முதல் தடவை. கேம்பில் எல்லோருக்கும் ஜிலேபி கொடுத்தார்கள். எனக்கு மட்டும் உன் மாடி ஞாபகம் வந்தது. அந்த ஆறு மாதத்தில் கொஞ்சம் வெயிலை நெத்திலி தின்றிருக்கிறது. அப்படியும் முந்திவிட்டோம்.

அருள்மணி


கிளிஞ்சல்மேடு
24-1-2026

அன்புத் தம்பி அருளுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். பொங்கலுக்கு நீ இல்லாதது குறைதான்.

நீ உண்மையை எழுதிவிட்டாய் என்று படித்ததும் உன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். இரண்டு வாரம் படத்தைப் பிரிக்கவில்லை. மச்சான்தான் பிரித்துப் பார்த்து, “பய கிறுக்கன்தான். ஆனா கணக்கு சரியா இருக்கும் போலருக்கே” என்றார். மழைக்கு நடுவில் வெயில் பார்த்துப் பார்த்துக் கட்டினோம். முதல் விசிறியை ஜோசப் அண்ணன் தலைகீழாகப் பொருத்திவிட்டார், வாசனையெல்லாம் ஐஸ் ரூமுக்குள் வந்தது. இப்போது சரி. காலையில் வைத்தால் சாயங்காலம் எடுத்துவிடலாம்.

முந்தாநாள் அஃப்ரா வந்தது. காரைக்கால் பெண்தான். மாடியில் ஏறி, குனிந்து கீழே பார்த்து, ஒரு நெத்திலியை எடுத்து உடைத்துப் பார்த்தது. பிறகு எங்களையெல்லாம் உட்காரவைத்து உன் விளக்கத்தைப் படித்தது.

“மின் உற்பத்தி குறையக் காரணம், பேனல்மேல் கருவாடு உலர்த்தியது. கருவாடு உலர்த்தக் காரணம், கருவாட்டில் மணல் இருக்கிறது என்று பொறியாளர் தன் அக்காவிடம் குறை சொன்னது. ஆகவே இந்தக் கோளாறு பொறியாளருடையது.”

அஃப்ரா தாளை மடித்தது. அமிர்தம் சித்திதான், “படிச்ச புள்ளன்னா படிச்ச புள்ளதான், பழிய கூட எவ்ளோ ஒழுங்கா எழுதியிருக்கு பாரு” என்றது. எல்லோரும் சிரித்துவிட்டார்கள். “அந்த அக்கா யாருங்க?” என்று அஃப்ரா கேட்டது. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கையைத் தூக்கினேன்.

வருஷ மொத்தம் குறைவுதான், ஒளிக்க முடியாது என்றது. ஆனால் தட்டு கட்டிய பிறகு மழை நாளைக் கழித்துப் பார்த்தால் நீ சொன்ன அளவுக்குமேல் வருகிறதாம். அதனால் இன்னும் ஒரு வருஷம் பேனல் இங்கேயே இருக்கட்டும் என்றது. நான் சந்தோஷத்தில் வாயைத் திறப்பதற்குள், “தடைக்காலத்த கணக்குல சேக்க மாட்டேன்கா, அப்ப காயப்போட கருவாடே இருக்காது. நானும் இந்த ஊருதான், எனக்கும் தெரியும்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனது. கெட்டிக்காரி.

கோட்டுச்சேரிமேட்டிலிருந்து நாலு பெண்கள் நேற்று வந்தார்கள். பேனலைத் தூக்கிப் போக இல்லை. அடியில் தட்டை எப்படிக் கட்டினீர்கள் என்று பார்க்க. அவர்களுக்கும் செருப்பைக் கழற்றச் சொன்னேன்.

நீ உப்பு என்று எழுதாதது நல்லதாகப் போயிற்று. அன்றைக்கு எழுதியிருந்தால் உன்னைத் தம்பி என்று நானே எங்கேயும் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

இனிமேல் போனே பண்ணு. சண்டை வந்தால் வரட்டும்.

அக்கா,
தமிழரசி


கட்ச்
8-2-2026

அன்புள்ள அக்கா,

நலம். தடைக்காலத்தில் இருபது நாள் லீவு கேட்டிருக்கிறேன், வருகிறேன். போன் பண்ணுகிறேன். ஆனால் இதைப் போனில் சொல்ல எனக்கு வராது, அதனால் ஒரே ஒரு தடவை இன்னும் எழுதிவிடுகிறேன்.

உன் கடிதம் படித்துவிட்டு ஆப்பைத் திறந்து டிசம்பரைப் பார்த்தேன். இருபத்தாறாம் தேதி. அன்றைக்கு நம் ஊரில் ஒரு படகும் இறங்கியிருக்காது. எல்லோரும் கரையில் நின்று அலையில் பாலும் பூவும் விட்டிருப்பீர்கள். அம்மாவுக்கு என் பங்கையும் நீதான் விட்டிருப்பாய். அங்கே மழை விட்டு நல்ல வெயில் போலிருக்கிறது. கோடு முழுசாக இருந்தது. ஒரு பள்ளம் இல்லை.

பேனல் மேல் கருவாடு காய்ந்த காலமாக இருந்தால், மறுநாள் விழுந்திருக்கும். தடைக்காலத்தை விட்டால், ஊரில் துக்கம் இருக்கிற நாளில் மட்டும்தானே அப்போது அது முழுசாக இருந்தது.

இருபத்தேழையும் பார்த்தேன். படகு போன நாள். நெத்திலி வந்த நாள்.

அதுவும் முழுசு.

தம்பி,
அருள்